“குளிரெல்லாம் ஒண்ணுமில்லை”

மார்கழியில் ஊட்டிக்குப் போன் போடும் பிள்ளைகள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “குளிருதாம்மா?” பதிலும் ஒன்றுதான்: “குளிரெல்லாம் ஒண்ணுமில்லை, நீ உன் வேலையைப் பாரு.” பிள்ளை கவலைப்படக் கூடாதென்று அம்மா மறைக்கிறாள் என்று நாம் நினைத்துக்கொள்வோம். பல வேளைகளில் அவள் எதையும் மறைப்பதில்லை. எழுபத்தைந்து வயது உடம்புக்குக் குளிர் உண்மையிலேயே தெரியாமல் போகலாம். தெரியவில்லை என்பதற்காகக் குளிர் அவளை விட்டுவைக்கப் போவதில்லை. சிக்கலே அங்கேதான்.

குளிரை நமக்குச் சொல்வது காற்றல்ல, தோலில் இருக்கும் நரம்பு முனைகள். அந்த முனைகளில் டிஆர்பிஎம்8 என்றொரு புரதம் இருக்கிறது. தோலின் சூடு ஏறக்குறைய 26 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கியதும் அது திறந்துகொண்டு மூளைக்குச் செய்தி அனுப்பும். 2002-இல் டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படாபூட்டியன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் தனித்தனியாக இதைக் கண்டுபிடித்தார்கள். வெப்பத்தையும் தொடுதலையும் உணரும் வாயில்களைக் கண்டறிந்ததற்காக 2021-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அவர்கள் அதைத் தேடிப் பிடிக்க உதவியது புதினாவில் இருக்கும் மெந்தால். நெற்றியில் தைலம் தடவினால் ஜில்லென்று இருக்கிறதே, அப்போது நெற்றி குளிர்வதில்லை. அந்தப் புரத வாயில் ஏமாந்து திறக்கிறது, அவ்வளவுதான். மிளகு ரசத்தின் காரமும் அப்படித்தான். சூட்டை உணரும் வேறொரு வாயிலை அது தட்டுகிறது. ஆக, நாம் உணரும் குளிரும் சூடும் நரம்பு சொல்லும் சேதி. சேதி சரியாக வந்து சேரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

வயதாக ஆகச் சேதி மங்குகிறது. 1981-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வில், இளைஞர்களையும் முதியவர்களையும் ஓர் அறையில் உட்காரவைத்து, அறையின் சூட்டைத் தங்களுக்குப் பிடித்தபடி மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். இரு தரப்பாரும் விரும்பிய சூடு கிட்டத்தட்ட ஒன்றுதான். இளைஞர்கள் அதைச் சட்டென்று பிடித்து நிறுத்திவிட்டார்கள். முதியவர்கள் கையில் அறையின் சூடு மேலும் கீழும் அலைந்தது. எது இதம் என்று அவர்களுக்குத் தெரிகிறது. அதைவிட்டு எவ்வளவு தூரம் விலகி வந்துவிட்டோம் என்பதுதான் தெரியவில்லை.

தெரிந்தாலும் உடம்பு பழையபடி வேலை செய்வதில்லை. குளிர்ந்தால் தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கி உள்சூட்டைக் காக்க வேண்டும். முதுமையில் அந்தச் சுருக்கம் தாமதமாகவும் அரைகுறையாகவும் நடக்கும். அடுத்தது நடுக்கம். நடுக்கம் என்பது தசைகள் சூடு உண்டாக்கும் வேலை. தசையே வற்றிப்போன உடம்பில் நடுங்க என்ன இருக்கிறது? சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு நடுத்தர வயதுக்காரரிடமிருந்து ஏறக்குறைய 100 வாட் வெப்பம் வெளியேறுகிறது, ஒரு பழைய குண்டு பல்பு போல. மெலிந்த கிழவியின் பல்பு அதைவிட மங்கல்.

குளிரில் இறப்பது என்றதும் பனியில் விறைத்துப்போன மனிதர்தான் நம் கண்ணுக்கு முன்னால் வருவார். உடலின் உள்சூடு 35 டிகிரிக்குக் கீழே போனால் அதற்குப் பெயர் தாழ்வெப்பநிலை. அது ஆபத்துதான், ஆனால் குளிர்கால மரணங்களில் அதன் பங்கு சிறியது. பெரும் பங்கு மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் நுரையீரல் தொற்றுக்கும் போகிறது. மரணச் சான்றிதழில் ‘குளிர்’ என்று எழுத மாட்டார்கள். அதனால்தான் ஊரில் யாருக்கும் இது ஒரு பிரச்சினையாகப் படுவதில்லை.

லண்டனில் வில்லியம் கீட்டிங் என்ற உடலியல் பேராசிரியர் இதைப் பிடித்துக்கொண்டு பல ஆண்டுகள் ஆராய்ந்தார். 1984-இல் அவர் குழுவினர் செய்த சோதனை எளிமையானது. ஆட்களை மெல்லிய உடையில் ஆறு மணி நேரம் காற்று வீசும் அறையில் இருக்கச் செய்தார்கள். அறையின் வெப்பநிலை பூஜ்ஜியமும் இல்லை, பத்தும் இல்லை: 24 டிகிரி. அவர்களுடைய உள்சூடு 0.4 டிகிரி மட்டுமே குறைந்தது. ரத்தத்தின் பிசுபிசுப்போ 21 சதவீதம் கூடியிருந்தது. சராசரியாக 126/69 ஆக இருந்த ரத்த அழுத்தம் 138/87-க்கு ஏறியிருந்தது. குளிரில் தோலுக்கு ஓடும் ரத்தம் உள்ளே திரும்புகிறது. உள்ளே கூடிவிட்ட ரத்தத்தைக் குறைக்க உடம்பு நீரை வெளியேற்றுகிறது (பனிக்காலத்தில் அடிக்கடி ஒன்றுக்குப் போவது இதனால்தான்). மிஞ்சும் ரத்தம் கெட்டியாகிறது, தட்டணுக்கள் நெருக்கமாகின்றன. இளம் ரத்தக்குழாய் இதைத் தாங்கிவிடும். கொழுப்பு படிந்து குறுகிப்போன குழாயில் அடைப்பு ஏற்பட இது போதும்.

24 டிகிரி என்பது நம் சமவெளி ஊர்களில் மார்கழி விடியலைவிட அதிகம். ஈரத் தலையோடு, மேல்துண்டு மட்டும் போர்த்திக்கொண்டு நாலரை மணிக்குக் கோவிலுக்குக் கிளம்பும் தாத்தாவுக்கு இந்த எண்ணைச் சொல்லலாம். கேட்பாரா என்பது வேறு விஷயம்.

கீட்டிங்கும் சகாக்களும் 1997-இல் வெளியிட்ட ஐரோப்பிய ஆய்வுதான் இன்னும் வியப்பானது. 18 டிகிரியிலிருந்து வெளி வெப்பநிலை ஒவ்வொரு டிகிரி இறங்கும்போதும் மரணங்கள் எவ்வளவு கூடுகின்றன என்று எட்டுப் பகுதிகளில் கணக்கெடுத்தார்கள். தெற்கு ஃபின்லாந்தில் 0.27 சதவீதம். ஏதென்ஸில் 2.15. வெயிலுக்குப் பேர்போன ஊரில், பனிநாட்டைப்போல எட்டு மடங்கு! காரணம் வீட்டுக்குள்ளே இருந்தது. வெளியே 7 டிகிரி இருக்கும் நாளில் ஃபின்லாந்து வீட்டின் கூடத்தில் சராசரியாக 21.7 டிகிரி, ஏதென்ஸ் கூடத்தில் 19.2. அதே 7 டிகிரியில் தொப்பி போட்டுக்கொண்டு வெளியே போனவர்கள் ஃபின்லாந்தில் 72 சதவீதம், ஏதென்ஸில் 13. சைபீரியாவின் யாகுட்ஸ்க் நகரத்தில் வெளியே மைனஸ் 48 வரை இறங்கியபோதும் மாரடைப்பு மரணங்கள் கூடவில்லை என்று அடுத்த ஆண்டே இன்னோர் ஆய்வு வந்தது. அங்கே வெளியே போவோர் ரோமத்தோல் உடையில் புதைந்துதான் போவார்கள், கடுங்குளிரில் போகவும் மாட்டார்கள். வீட்டுக்குள் 19 டிகிரி. குளிரை மதிக்கும் ஊரில் குளிர் கொல்வதில்லை. “நம்ம ஊர்ல என்ன பெரிய குளிர்” என்று சொல்லும் ஊரில்தான் கொல்கிறது.

நம் நாட்டுக்கும் கணக்கு உண்டு. 2001 முதல் 2013 வரை இந்தியா முழுவதும் திரட்டிய மரணப் பதிவுகளை வைத்து 2018-இல் வெளியான ஆய்வு, கடுங்குளிரும் கடும் வெயிலும் கொன்றதைவிட மிதமான குளிர் கொன்றது அதிகம் என்று கண்டது. மிதமான குளிர் வாட்டும் நாட்கள் அதிகம். அதற்கு யாரும் தயாராவதும் இல்லை.

இனி ஊட்டிக்கு வருவோம். கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேலே இருக்கும் ஊர். மழை ஓய்ந்து வானம் தெளிந்ததும் நீர்ப்பனி விழத் தொடங்கும். கொஞ்ச நாளில் அது உறைபனியாகும். தலைகுந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம், தாவரவியல் பூங்காப் புல்வெளி ஆகியவை வெள்ளையாகிக் கிடக்கும் படம் ஆண்டுதோறும் பத்திரிகையில் வரும். சுற்றுலா வந்தவர்களுக்கு அது கொண்டாட்டம். உறைபனி விழும் இடங்கள் பெரும்பாலும் பள்ளங்களாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். குளிர்ந்த காற்று கனமானது, இரவில் தண்ணீர் போலச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். மேகம் இல்லாத இரவில் தரை தன் சூட்டை நேராக வானத்துக்கு வீசி இழக்கிறது. அதனால் ஆள் உயரத்தில் காற்று 3 டிகிரி இருக்கும்போதே புல்நுனி பூஜ்ஜியத்துக்கு வந்துவிடும்.

புல்லுக்கு நடப்பதுதான் தகரக் கூரைக்கும் நடக்கிறது. சுற்றுக்காற்றைவிடக் கூரை குளிர்ந்து, கீழே படுத்திருப்பவரின் சூட்டை உறிஞ்சுகிறது. ஸ்வெட்டருக்கும் ஹீட்டருக்கும் செலவழிக்கும் முன் அம்மா படுக்கும் அறையில் கூரைக்குக் கீழே ஒரு பலகைத் தட்டி அடிக்க முடியுமா என்று பாருங்கள். இரண்டுக்கும் நடுவே சிக்கிக்கொள்ளும் அரை அடிக் காற்றுதான் அந்த அறையின் முதல் கம்பளி.

நீலகிரியின் தோடர்கள் இதை எப்போதோ தெரிந்து வைத்திருந்தார்கள். மூங்கிலும் பிரம்பும் வளைத்து, புல் வேய்ந்து, அரைப் பீப்பாய் போலக் கட்டிய வீட்டுக்கு வாசல் இத்துனூண்டு. தவழ்ந்துதான் நுழைய முடியும். சூடான காற்று மேலே எழும், வாசல் கீழே இருக்கும். சூடு வெளியேற வழி இல்லை. அவர்கள் போர்த்தும் புத்துக்குளியும் இரட்டைத் துணி. இப்போது அவர்களிலும் பெரும்பாலோர் நம்மைப்போலவே சிமெண்ட் வீட்டில்தான் இருக்கிறார்கள்.

குளிர்காலத்தில் வீட்டுக்குள் 18 டிகிரிக்குக் குறையக் கூடாது, முதியவர்களுக்கு இன்னும் கூடுதலாக வேண்டியிருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2018-இல் தந்த அளவுகோல். ஜனவரி ஊட்டியில் வீடு முழுவதையும் அப்படி வைத்திருக்க நம்மால் முடியாது. ஓர் அறையை வைத்திருக்கலாம். தெற்குப் பார்த்த ஜன்னல் உள்ள அறையைத் தேர்ந்தெடுங்கள். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்துதான் போகும், அந்த ஜன்னலில் நாள் முழுக்க வெயில் விழும். வெயில் ஏறியதும் திரையை விலக்கி, நான்கு மணிக்கு முன்பே இழுத்து மூடிவிட வேண்டும். கதவின் அடி இடுக்கில் பழைய சேலையைச் சுருட்டி வையுங்கள். கட்டிலை வெளிச்சுவரை ஒட்டிப் போடாதீர்கள். கால் வைக்கும் இடத்தில் தேங்காய்நார் மிதியடி போடுங்கள், வழுக்காததாக.

ஹீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. 1,000 வாட் ஹீட்டர் மணிக்கு ஒரு யூனிட் குடிக்கும். நாளுக்கு எட்டு மணி நேரம் ஓட்டினால் இரண்டு மாதத்தில் 480 யூனிட். பில்லை நினைத்து அம்மா அதை அணைத்து வைத்துவிடுவாள், நீங்கள் போன் பண்ணும்போது மட்டும் “ஓடுது, ஓடுது” என்பாள். மின்கம்பளத்துக்கு இதில் பத்தில் ஒரு பங்குதான் ஆகும். அறையைச் சூடாக்குவதைவிட ஆளைச் சூடாக்குவது மலிவு. வெந்நீர்ப் பை அதைவிட மலிவு. ஆனால் சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்களின் பாதத்தில் அதை வைக்கக் கூடாது. கொப்பளித்த பிறகுதான் தெரியும். படுக்கப் போவதற்கு அரை மணி நேரம் முன்பு மெத்தையில் வைத்து, படுக்கும்போது எடுத்துவிடலாம்.

உடையில் ரகசியம் ஒன்றும் இல்லை. துணி சூடு தருவதில்லை, துணிக்குள் சிக்கிய காற்று சூட்டைப் பிடித்து வைக்கிறது. அதனால் ஒரே தடித்த ஸ்வெட்டரைவிட, பனியன், அதன் மேல் பருத்திச் சட்டை, அதன் மேல் கம்பளி என்று மூன்று மெல்லிய அடுக்குகள் மேல். பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்தான் என்று நாம் இரண்டாயிரம் வருஷமாகப் புகழ்கிறோம். பறவைகளுக்குப் போர்வை தேவையே இல்லை. இறகைச் சிலிர்த்து உள்ளே காற்றை அடைத்துக்கொள்ளத் தெரிந்தவை அவை. பேகனின் பொதினி மலையில் அன்று குளிரில் கிடந்த கிழவர் யாராவது இருந்திருப்பார், அவன் கண்ணில் படவில்லை. ஈரத்துணியை மட்டும் உடம்பில் விட்டுவைக்கக் கூடாது. காற்றைவிடத் தண்ணீர் இருபத்தைந்து மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். உடம்பின் சூட்டில் பாதி தலை வழியாகப் போகிறது என்று சொல்வார்கள், அது கட்டுக்கதை. தலை தன் பரப்பளவுக்கு ஏற்ற பங்கைத்தான் இழக்கும். ஆனாலும் கைகால் தோலைப்போல மண்டைத்தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்குவதில்லை. மங்கி குல்லாவைக் கேலி செய்யாதீர்கள், படுக்கும்போதும் போட்டுக்கொள்ளட்டும்.

சுக்குக் காபியும் கொள்ளு ரசமும் நல்லவை. காரத்துக்காக அல்ல, அது வெறும் பிரமை. சூடான நீர் உள்ளே போவதற்காக. குளிரில் தாகம் தெரியாது, இரவில் எழ வேண்டுமே என்று பயந்து மாலையிலேயே தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். ஏற்கெனவே கெட்டியான ரத்தம் இன்னும் கெட்டியாகும். பகலில் கூடுதலாகக் குடிக்கவைத்து, இரவில் கட்டிலுக்குப் பக்கத்திலேயே விளக்கும் பாத்திரமும் வைப்பது நல்லது. அரை இருட்டில் கழிவறைக்குப் போய்த் தடுக்கி விழுந்து, எழ முடியாமல் சிமெண்ட் தரையில் விடியும்வரை கிடப்பதுதான் தாழ்வெப்பநிலைக்கு நேர்வழி. குளிருக்கு ஒரு பெக் என்பது தலைகீழ் வைத்தியம். சாராயம் தோலின் ரத்தக்குழாய்களை விரிக்கிறது. உடம்பு கதகதப்பாகத் தோன்றும் அந்த நேரத்தில் உள்சூடு வெளியேறிக்கொண்டிருக்கும்.

எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது கரிச்சட்டிக்கு. வெள்ளைக்காரர்கள் கட்டிய பழைய பங்களாக்களில் கணப்புக்கு மேலே புகைபோக்கி இருக்கும். மற்ற வீடுகளில் அடுப்புக்கரியை ஒரு சட்டியில் மூட்டி, அறைக்குள் வைத்து, கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுப்பார்கள். காலையில் கதவை உடைக்க நேர்ந்த செய்திகள் ஊட்டி, கொடைக்கானல் பக்கமிருந்து திரும்பத் திரும்ப வருகின்றன. விறகு புகையும், கண் எரியும், எழுந்து ஜன்னலைத் திறப்போம். கனிந்த கரியில் புகையே இல்லை, அதனால் ஆபத்தும் இல்லை என்ற எண்ணம். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக ஒட்டிக்கொள்ளும். மூச்சு முட்டும் உணர்வு கரியமில வாயு கூடினால்தான் வரும், இந்த வாயுவால் வராது. லேசான தலைவலி, மயக்கம், தூக்கம், பிறகு விழிப்பதில்லை. கரிச்சட்டியை வாசலிலேயே வைத்துக் குளிர் காயுங்கள், படுக்கையறைக்குள் வேண்டாம். காற்றோட்டம் இல்லாத குளியலறையில் மாட்டிய கேஸ் கீசரும் இதையே செய்யும்.

மருந்துப் பெட்டியையும் ஒருமுறை பார்க்க வேண்டும். குளிர்காலத்தில் ரத்த அழுத்தம் ஏறுவது வழக்கம், கோடையில் எழுதிக்கொடுத்த மாத்திரை அளவு பனியில் போதாமல் போகலாம். டிசம்பரில் ஒருமுறை மருத்துவரிடம் காட்டி அளந்துகொள்ளுங்கள், தாங்களாகவே கூட்டிக்கொள்ள வேண்டாம். தூக்க மாத்திரையும் மனநோய்க்கான சில மருந்துகளும் உடம்பின் குளிர்காப்பை மழுங்கடிக்கும். தைராய்டு சுரப்பு குறைந்தவர்களுக்குக் குளிர் இன்னும் கெடுதல். ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகளைப் பற்றியும் அதே நாளில் கேட்டுவிடலாம். பனி உச்சத்தில் இருந்த நாள் கழிந்ததும் ஆபத்து கழிந்துவிடாது. மாரடைப்பு மரணங்கள் இரண்டு நாள் கழித்தும் நுரையீரல் நோய் மரணங்கள் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்தும் உச்சத்துக்குப் போகின்றன என்று கீட்டிங்கின் கணக்குகள் காட்டின.

பக்கத்து வீட்டுக்காரர்களிடம் ஒன்று சொல்லி வையுங்கள். பாட்டி வழக்கத்துக்கு மாறாகக் குழறிப் பேசினால், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால், காபி டம்ளரைப் பிடிக்கத் தடுமாறினால், உடைக்குள் கையை விட்டு வயிற்றைத் தொட்டுப் பார்க்கட்டும். கை குளிர்ந்திருப்பது சாதாரணம். வயிறு குளிர்ந்திருந்தால் அது அபாயம். நடுக்கம் நின்றுவிட்டால் தேறிவிட்டார் என்று எண்ண வேண்டாம், உடம்பு போராட்டத்தைக் கைவிட்டுவிட்டது என்று பொருள். பழைய தெர்மாமீட்டரை நம்பவும் முடியாது. அதன் அளவுகோலே 94, 95 பாரன்ஹீட்டில்தான் தொடங்கும். தாழ்வெப்பநிலை தொடங்குவது 95-க்குக் கீழே. 108 ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, ஈர உடையை மாற்றி, மார்பையும் வயிற்றையும் போர்த்துங்கள். நினைவு இருந்தால் இனிப்பாக வெதுவெதுப்பான பானம் கொடுக்கலாம். கைகாலைத் தேய்க்கவோ நெருப்புக்குப் பக்கத்தில் இழுத்து உட்காரவைக்கவோ கூடாது.

சுவரில் மாட்டும் அறை வெப்பமானி அதிக விலை இல்லை. கண்ணாடி போடாமலே படிக்கும்படி பெரிய எண் காட்டுவதாகப் பார்த்து வாங்குங்கள். அடுப்படியில் மாட்டாமல் அம்மா படுக்கும் கட்டிலின் உயரத்தில் மாட்டுங்கள். அடுத்த முறை போன் பண்ணும்போது குளிருதா என்று கேட்காதீர்கள். “அந்த டப்பால என்ன நம்பர் இருக்கும்மா?” என்று கேளுங்கள்.